மிட்டாய் வோல்ட்

பரிதி மூன்றாவது கடலை மிட்டாயை வாயில் போட்டபோது குமுதவல்லி வேன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதுதான் வழக்கம். சாட்சிக்காரன் மிட்டாய் தின்னும்போது மீட்டர்காரி வெளியே வேடிக்கை பார்ப்பாள். அவன் தின்று முடித்து வாயைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் திரும்புவாள். கண்ணால் பார்க்காத விஷயத்துக்குத் தைரியமாகக் கையெழுத்துப் போடலாம் அல்லவா?

"ரெடிக்கா" என்றான் பரிதி.

சட்டையைத் தூக்கிக் காட்டினான். இடது இடுப்பில், எலும்புக்குச் சற்று மேலே, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு துளை. அதில் மீட்டரின் வயரைச் செருகினாள். எண்கள் கொஞ்சம் தடுமாறி நின்றன. 16.6.

"பதினாறு ஆறு. ராஜாவாட்டம் இருக்கே."

"ராஜாவுக்கு லேசா தலை சுத்துதுக்கா."

அவன் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காக அவள் பின்னால் தன்னைத் தானே எத்தனை முறை திட்டிக்கொண்டாள் என்பதற்கு அளவே இல்லை.

இந்தத் தொழில் வந்து பதினோரு வருடம்தான் ஆகிறது. எந்த முகத்தையும் எந்த உடம்பிலும் ஒட்டலாம், எந்த வாயிலிருந்தும் எந்தப் பேச்சையும் வரவழைக்கலாம் என்று ஆன பிறகு, நீதிமன்றங்கள் ஒரு நாள் எல்லா வீடியோவையும் தூக்கிக் குப்பையில் போட்டன. கொலை செய்தவன் "அது நான் இல்லை, கம்ப்யூட்டர் வரைந்த படம்" என்றான். செய்யாதவனும் அதையேதான் சொன்னான். இரண்டு வருடம் நாட்டுக்குக் கண்ணே தெரியவில்லை. அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் வழி கண்டுபிடித்தான். ரத்தத்திலுள்ள சர்க்கரையிலிருந்து மின்சாரம் எடுக்கிற ஒரு பேட்டரியை மனிதன் இடுப்புக்குள் வைத்துத் தைத்துவிட வேண்டும். அந்த மின்சாரத்தில் கேமராவை ஓட்ட வேண்டும். அப்போது இதயம் துடிக்கிற ஒவ்வொரு துடிப்பும் ஒரு சின்ன அலையாகப் படத்தோடு படமாகப் பதிந்துவிடும். அந்த அலையைப் போலியாகச் செய்ய எந்தக் கம்ப்யூட்டருக்கும் இன்றுவரை வரவில்லை.

ஒரே ஆள், ஒரே இதயம், நடுவில் ஒரு நொடிகூட அறுபடாத படம். அது மட்டுமே சாட்சி. அதற்கு உயிர்ப்பதிவு என்று பெயர் வைத்தார்கள். எடுக்கிறவன் சாட்சிக்காரன். பொய் சொல்லாத கேமரா வேண்டும் என்று எல்லோரும் கேட்டோம், கிடைத்தது. அதற்குத் தீனியாக ஒரு மனிதனைப் போட வேண்டும் என்பதைத்தான் யாரும் உரக்கப் பேசவில்லை.

முன் இருக்கையில் இருந்த வழக்கறிஞர் ரெபெக்கா திரும்பிப் பார்த்தார். செத்துப்போன பதினோரு பேரின் குடும்பங்களுக்காக வழக்காடுகிறவர். "செத்துப்போன" என்று நான் எழுதிவிட்டேன். சட்டப்படி அன்றைக்கு அவர்கள் காணாமல் போனவர்கள்.

"பதினாறு புள்ளி ஆறுன்னா ஃபுல்தானேம்மா? அம்பது நிமிஷம் தாங்குமில்ல?"

"தாங்கணும் மேடம்."

"தாங்கணும்னா? மீட்டர் சொல்லாதா?"

குமுதவல்லிக்கு இந்தக் கேள்வி அலுத்துப்போன ஒன்று. ஆனாலும் பொறுமையாகச் சொன்னாள். "உங்க வீட்டு மொட்டைமாடில டேங்க் இருக்குல்ல மேடம்? டேங்க் நெறைய தண்ணி இருந்தாலும் குழாய்ல வேகமாத்தான் வரும். ரெண்டு குடம் தண்ணி இருந்தாலும் அதே வேகத்துலதான் வரும். குளிச்சிட்டே இருப்பீங்க, திடீர்னு நின்னுடும். வோல்ட்டுங்கறது அந்த வேகம். உள்ள எவ்ளோ இருக்குன்னு அது சொல்லாது."

"அப்ப உள்ள எவ்ளோ இருக்குன்னு எப்படிப் பாக்கறது?"

"வருஷத்துக்கு ஒரு தடவை லேப்ல பாப்பாங்க. காலி ஆகற வரைக்கும் ஓட்டிப் பாக்கணும். தம்பிக்குப் பாத்துப் பதினோரு மாசமாச்சு."

"பேட்டரி பழசானா?"

"பழசும் புதுசும் சார்ஜ் ஏறினா ஒரே வோல்ட்தான் காட்டும். பழசுல டேங்க் சின்னதாயிருக்கும், அவ்ளோதான்."

மிட்டாயைப் பற்றி அவள் சொல்லவில்லை. சர்க்கரை ஏறினால் பத்து நிமிடத்துக்கு வோல்ட் சட்டென்று மேலே போகும். தண்ணீர் ஊறாத கிணற்றில் நாலு வாளி ஊற்றிவிட்டு எட்டிப் பார்க்கச் சொல்வது மாதிரி. தொழிலில் அதற்கு மிட்டாய் வோல்ட் என்றே பெயர். அதைக் கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு. பழைய கார் முன்விளக்குப் பல்பு ஒன்றை ஐந்து நிமிடம் ஆளோடு இணைத்து எரியவிட வேண்டும். சுமை ஏறியதும் வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பல்பு டெஸ்ட் போடாமல் யாரையும் உள்ளே அனுப்பக் கூடாது என்பது விதி. ஆனால் பல்பு தின்கிற ஐந்து நிமிடமும் அவன் டேங்கிலிருந்துதானே போகிறது? ஐம்பது நிமிட வேலைக்கு வந்தவனிடம் ஐந்து நிமிடத்தைப் பிடுங்கிவிட்டு அனுப்புவதா? நீண்ட வேலைகளில் பல்பைப் பையிலேயே வைத்துவிட்டுப் படிவத்தில் "செய்யப்பட்டது" என்று எழுதுவார்கள். எல்லோரும் அப்படித்தான். குமுதவல்லியும் எழுதினாள்.

எழுதிய பிறகு, ரெபெக்கா இறங்கிப்போன நேரத்தில், தணிந்த குரலில் கேட்டாள்.

"கடைசியா எப்ப வேலை செஞ்ச?"

பரிதி ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். "முந்தாநாள்."

"டேய்! மூணு நாள் ரெஸ்ட் இருக்கணும்னு தெரியாது? ரெஸ்ட் இல்லாம காலியாச்சுன்னா ரத்தத்தையே உறிஞ்சி நெஞ்சு நின்னுடும்டா."

"தெரியும்க்கா. வேற யாரு இதுக்கு வர்றேன்னாங்க? ஏழு பேருகிட்ட கேட்டிருக்காங்க. கம்பெனிக்காரன் பேரைக் கேட்டதும் ஒருத்தனுக்குக் காய்ச்சல், ஒருத்தனுக்கு மச்சினிச்சி கல்யாணம்."

அவன் சொன்னது நியாயம்தான். நீலாம்பரி கெமிக்கல்ஸ் என்றால் அந்த உப்பாற்றங்கரையில் காக்கை குருவிகூடக் குறுக்கே பறக்காது. துணிச்சாயம் செய்கிற தொழிற்சாலை. ஐப்பசியில் ஒரு நாள் பதினோரு பேர் கழிவுத்தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கினார்கள், ஏறி வரவில்லை. முன்பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்றது கம்பெனி. பதினோரு பேரும் சிரித்தபடி கேட்டைத் தாண்டிப் போகிற வீடியோ ஒன்றையும் தொலைக்காட்சிக்குக் கொடுத்தது. அதில் ஒருவன் பீடி பிடித்துக்கொண்டு போனான். அவன் மனைவி ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து, "எம்புருசன் பீடியத் தொட்டதே இல்லீங்க" என்று கதறினாள். யார் கேட்டார்கள்?

ஆறு மாதம் அலைந்து ரெபெக்கா ஓர் உத்தரவு வாங்கியிருந்தார். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு முறை, காலை பத்து மணி முதல் ஐம்பது நிமிடம். கம்பெனியின் பம்பு தொட்டியை இறைக்கும். தண்ணீர் இறங்க இறங்க அடி தெரியும்வரை சாட்சிக்காரன் அறுபடாமல் படம்பிடிக்க வேண்டும். விஷவாயு இருப்பதால் அவனும் மீட்டர்காரியும் தவிர வேறு யாரும் உள்ளே போகக் கூடாது. டாக்டர்கூடக் கேட்டில்தான் நிற்க வேண்டும். மறுநாள் தொட்டியை கான்கிரீட் போட்டு நிரப்பிவிடலாம் என்று கம்பெனிக்கு வேறொரு அலுவலகம் அனுமதி கொடுத்திருந்தது. இன்று விட்டால் பதினோரு பேரும் சிமென்ட்டுக்கு அடியில்.

பதிவு அறுந்தால் என்ன ஆகும் என்று குமுதவல்லிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவளும் ஏழு வருடம் கேமரா சுமந்தவள்தான். ஓர் உப்பளத்தில், ஒரு பெண்ணைப் புதைத்த இடத்தைத் தோண்டும்போது, முப்பத்து மூன்றாவது நிமிடத்தில் அவளுடைய பேட்டரி படுத்துவிட்டது. முப்பத்து நான்காவது நிமிடத்தில் எலும்பு கிடைத்தது. செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. குற்றவாளி மாலை போட்டுக்கொண்டு வெளியே வந்தான். பெண்ணின் அம்மா குமுதவல்லியை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று அவளுக்கு இன்றைக்கும் இருக்கிறது. அதற்கப்புறம் அவள் மீட்டருக்கு மாறிவிட்டாள். இடுப்புப் பேட்டரி மட்டும் இன்னும் உள்ளேதான் இருந்தது. அதை எடுக்கிற ஆபரேஷனில் பாதிப் பேர் மேஜையிலேயே போய்விடுவதால் பழைய ஆட்கள் யாரும் எடுப்பதில்லை. துளைக்கு ஒரு ரப்பர் மூடியைப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டுவார்கள்.

"வேணாம்னா இப்பவே சொல்லிடு. நான் ஃபெயில்னு எழுதிடறேன்" என்றாள்.

"எழுதுவியா நீ?"

அவள் படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள். அவன் கவசச் சட்டையை எடுத்து மாட்டத் தொடங்கினான்.

கேமராவும் பதிவுப்பெட்டியும் சேர்ந்து பதினெட்டு கிலோ. அதைத் தாங்க மார்பில் கவசச் சட்டை, அதிலிருந்து நீளும் ஸ்பிரிங் கை, அதன் நுனியில் மூன்று மோட்டார் வைத்த ஸ்டெபிலைசர். ஆள் தடுக்கினாலும் நடுங்கினாலும் மோட்டார்கள் எதிர்ப்பக்கம் திரும்பிச் சரிக்கட்டிவிடும், படம் ஆடாது. படம் ஆடினால் இதயத்தின் அலை கலைந்துவிடும் என்பதால் ஸ்டெபிலைசர் இல்லாத உயிர்ப்பதிவே கிடையாது. பரிதிக்கோ இயற்கையிலேயே கை நடுக்கம். டீ கொடுத்தால் பாதி சாசருக்குப் போகும். ஆனால் அவன் எடுத்த படத்தைப் பார்த்தால் கல்தூண்மேல் கேமராவை வைத்து எடுத்த மாதிரி இருக்கும். சுமக்கிறவனின் நடுக்கம் உலகத்துக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தக் கருவியின் ஒரே வேலை.

கவசத்தின் முதுகில் இரண்டு துளைகள். ஒன்றில் அவன் இடுப்பிலிருந்து வரும் வயர். மற்றொன்றில் நாலு மீட்டர் நீள வயரில் குமுதவல்லியின் மீட்டர். பதிமூன்று வோல்ட்டுக்குக் கீழே போனால் மோட்டார் நிற்கும், பெட்டி தானாகப் பூட்டிக்கொள்ளும்.

பத்து மணிக்கு உள்ளே போனார்கள். இருவருக்கும் முகமூடி, முழங்கைவரை தடித்த ரப்பர் கையுறை. பேசக் கூடாது. இரண்டாவது குரல் கேட்டால் பதிவு செல்லாது. அவள் படத்துக்குள்ளும் வரக் கூடாது. மீட்டரைப் பார்த்தபடி அவன் முதுகுக்குப் பின்னாலேயே நடந்தாள்.

சுமை ஏறியதும் 15.8. கேட்டிலிருந்து தொட்டிவரை முந்நூறு அடி நடந்ததில் 15.1. தொட்டி விளிம்பில் அவன் நின்றான். ஊதா கலந்த நீலத்தில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. பம்பு எங்கோ முனகத் தொடங்கியது. பத்தாவது நிமிடத்தில் 14.8. அதற்குப் பிறகு எண் அங்கேயே நின்றது. இருபதாவது நிமிடம், முப்பதாவது நிமிடம், 14.7. குமுதவல்லிக்கு அந்தச் சமவெளி நன்றாகத் தெரியும். நல்ல பேட்டரியும் அங்கேதான் நெடுநேரம் நிற்கும், சாகப்போகிற பேட்டரியும் அங்கேதான் நிற்கும். தெரிந்தும் அவள் அந்த எண்ணை நம்பினாள். நம்புவதற்கு அவளுக்கு வேறு என்ன இருந்தது?

முப்பத்தெட்டாவது நிமிடத்தில் எண் 14.9 ஆனது. ஏறுகிறது! அவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பயல் சமாளித்துவிட்டான் என்று நினைத்தாள். ஆடாமல் நிற்கும்போது மோட்டார் குறைவாகத் தின்னும், சுமை குறைந்தால் வோல்ட் ஏறத்தான் செய்யும் என்பது அவளுக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. அவன் அவ்வளவு அசையாமல் நிற்பது ஏன் என்றும் தோன்றவில்லை.

நாற்பதரை நிமிடம் ஆனபோது பரிதி மெல்ல மண்டியிட்டான். கேமரா ஒரு குலுக்கல் இல்லாமல் அவனோடு இறங்கியது. கிட்டப் போய்க் காட்டுகிறான், கெட்டிக்காரன் என்று எண்ணிக்கொண்டே மீட்டரைப் பார்த்தாள்.

14.2. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 13.9.

அவன் தலை முன்பக்கம் தொங்கியிருந்தது. ஸ்பிரிங் கையும் கவசமும் மட்டும் அவனைத் தாங்கிக்கொண்டிருந்தன. குமுதவல்லி தவழ்ந்து போய் அவன் கழுத்தில் விரலை வைத்தாள். ரப்பருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. அழுத்திப் பார்த்தாள். ஒன்றுமில்லை. கையுறையைக் கழற்ற வேண்டுமென்றால் இரண்டு கொக்கி, ஒரு பட்டை. 13.6. போய்விட்டான். மிட்டாய் தின்றபோது திரும்பிக்கொண்டேனே, பாவி.

கத்தினால் கேட்டிலிருந்து டாக்டர் ஓடிவருவார். பதிவு அறுந்துவிடும். செத்தவனுக்கு டாக்டர் எதற்கு? தண்ணீர் முழங்கால் ஆழத்துக்கு வந்துவிட்டது. அதில் ஓரிடத்தில் மட்டும் மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

13.3.

மீட்டரிலிருந்து வயரைப் பிடுங்கினாள். பாவாடை நாடாவைத் தளர்த்தி, இடுப்பின் ரப்பர் மூடியைப் பெயர்த்தெடுத்து, அதே வயரின் முனையைத் தன் துளையில் செருகினாள்.

அடிவயிற்றிலிருந்து ஏதோ பிடுங்கிக்கொண்டு ஓடியது. உடனே புரிந்துவிட்டது. தொழிலுக்கு வந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள், நிறைந்த பேட்டரியையும் காலி பேட்டரியையும் ஒரே வயரில் மாட்டாதே என்று. இரண்டும் சமமாகும்வரை நிறைந்தது காலிக்குள் போய்க் கொட்டும். கேமராவுக்குப் போக வேண்டியதெல்லாம் பரிதிக்குள் போய்க்கொண்டிருந்தது. இப்படியே விட்டால் இரண்டு நிமிடத்தில் அவளும் காலி, பெட்டியும் பூட்டிக்கொள்ளும். அவன் முதுகு ஒரு தடவை ஏறி இறங்கியது போலிருந்தது. ஸ்பிரிங் கையின் ஆட்டம் என்று நினைத்தாள்.

அவன் இடுப்பு வயரைப் பிடித்து இழுத்தாள். கிளிக்கென்று கழன்றது.

பிறகு அவனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள், சரிந்துவிடாமல். இரண்டு விரல் தடிமனுள்ள கவசத்தில் கன்னத்தை அழுத்தியபடி கிடந்தாள். அதற்குள் ஒரு இதயம் தடதடவென்று அடித்தது. தன்னுடையது என்று எண்ணினாள். கேமரா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது. மஞ்சள் நிறம் ஒரு தலைக்கவசமாயிற்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. இடுப்புப் பட்டையின் கொக்கி ஒன்று. ஏணியைப் பிடித்தபடியே இருந்த ஒரு கை. ஏழுவரை எண்ணினாள், அதற்கு மேல் எண்ண முடியவில்லை. கண்ணீரும் முகமூடியும் சேர்ந்து எல்லாம் மங்கிவிட்டது.

ஐம்பதாவது நிமிடத்தில் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. வயர்களை முன்பிருந்தபடியே மாட்டிவிட்டுத்தான் அவள் கத்தினாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பெட்டி மூடுனதும் சாஞ்சிட்டாருங்க" என்று குமுதவல்லி சொன்னாள். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

ஐந்து மாதம் கழித்து வழக்கு வந்தது.

அந்த ஐந்து மாதமும் குமுதவல்லி ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடிருந்தாள்: நான் வயரைச் செருகும்போது அவன் செத்திருந்தான். பல்பைப் போடாதது தப்பு. மிட்டாயைப் பார்க்காதது தப்பு. ஆனால் வயரைக் கழற்றியது தப்பில்லை. செத்தவனிடமிருந்துதானே கழற்றினேன்?

சுவர் முழுக்க விரிந்த திரையில் படத்தைப் போட்டார்கள். கேமரா மண்டியிட்ட இடம் வந்ததும் ரெபெக்கா எழுந்து திரையைக் காட்டினார். "கவனியுங்கள், மை லார்ட். சாகும் தறுவாயிலும் நமக்கு நன்றாகத் தெரிய வேண்டுமென்று அந்த மனிதர் முழங்காலிட்டார். கை ஒரு இழைகூட நடுங்கவில்லை." பின் வரிசையில் பரிதியின் மனைவி மேகலா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பிறகு பரிசோதனை அதிகாரி தேவசகாயம் கூண்டில் ஏறினார். கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு, அவசரமில்லாமல் பேசுகிற மனிதர். முதல் நிமிடத்துத் துடிப்பு இளம்பரிதியுடையதுதான் என்று உறுதி செய்தார். களைப்பு ஏற ஏறத் துடிப்பு மாறுமென்பதால் அதற்குப் பிறகு ஆள் யாரென்று பார்ப்பதில்லை, அறுபட்டதா என்று மட்டுமே பார்ப்போம் என்றார். ஐம்பது நிமிடமும் அறுபடவில்லை.

"ஒரு சின்ன விஷயம் மட்டும்" என்று காகிதத்தைப் புரட்டினார். "மீட்டர் பிடித்தவரிடம் நீதிமன்ற அனுமதியோடு ஒன்று கேட்க வேண்டும்."

குமுதவல்லி எழுந்து நின்றாள்.

"நாப்பத்தொண்ணாவது நிமிஷம், பன்னெண்டாவது விநாடியிலேர்ந்து ஒரு நாலு விநாடி. அங்க ரெண்டு துடிப்பு தெரியுதும்மா. ஒண்ணு வேகமா, பலமா இருக்கு. இன்னொண்ணு ரொம்ப மெலிசு, ஆனா இருக்கு." விரலால் காகிதத்தில் ஒரு கோட்டைத் தடவினார். "முதல் விநாடியில இருக்கறதைவிட நாலாவது விநாடியில நல்லாவே தெரியுது. தேறிட்டு வர்ற மாதிரி. அப்புறம் சட்டுனு இல்ல. இது என்னது?"

அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். காகிதம் தூரத்தில் இருந்தது, கோடு தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தேறிட்டு வர்ற மாதிரி. ரப்பர் கையுறைக்கு அந்தப் பக்கம் அவன் இருந்திருக்கிறான். அவள் கொட்டியதில் பேட்டரி அவன் ரத்தத்தை உறிஞ்சுவதை விட்டுவிட்டு, அவனை எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. முதுகு ஏறி இறங்கியது ஸ்பிரிங் இல்லை. அவள்தான் வயரை இழுத்தாள். அதற்கப்புறமும் எட்டு நிமிடத்துக்கு மேல் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தாள், முந்நூறு அடி தூரத்தில் ஒரு டாக்டரை வைத்துக்கொண்டு.

நீதிபதி முன்னால் குனிந்தார். கம்பெனியின் வக்கீல்கள் ஆறு பேரும் ஒருசேர நிமிர்ந்தார்கள். இரண்டு இதயம் என்றால் பதிவு செல்லாது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். பரிசோதித்து நீதிமன்றம் ஏற்கும்வரை எந்தப் பதிவும் சாட்சி இல்லை என்பதால், தொட்டியை மறுநாளே சிமென்ட் போட்டு மூடியாகிவிட்டது. இனி அந்தப் பதினோரு பேர் இருப்பது இந்தப் படத்தில் மட்டும்தான்.

"மண்டி போட்டிருந்தாருங்கய்யா" என்றாள் குமுதவல்லி. குரல் அவளுக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. "அப்ப மூணு மோட்டாரும் ஒரே நேரத்துல இழுக்கும். வோல்ட் உதறும். அந்த உதறல் துடிப்பாட்டமே பதிவாகும். எதிரொலி மாதிரி. இது வழக்கமா வர்றதுதாங்க."

தேவசகாயம் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பதினோரு வருடமாக இந்த அலைகளையே பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர். மோட்டார் உதறல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? பின்பு அவர் பார்வை பின் வரிசைகளுக்குப் போயிற்று. பதினோரு குடும்பங்கள், மடியில் போட்டோவை வைத்துக்கொண்டு.

"மோட்டார் உதறல்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "அப்படியும் இருக்கலாம்."

பொய்யே சொல்ல முடியாத சாட்சி என்று நாம் கட்டிய கட்டடத்துக்கு அன்றைக்கு முட்டுக்கொடுத்தது இரண்டு பொய்கள். சாயங்காலத்துக்குள் கம்பெனி முதலாளியையும் மேலாளர்கள் மூவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். வாசலில் அந்தப் பீடி தொடாதவனின் மனைவி மண்ணில் புரண்டு அழுதாள். அது துக்கமா நிம்மதியா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. யாரோ குமுதவல்லியின் காலைத் தொட வந்தார்கள். அவள் பதறிப்போய் விலகி, குழாயடிப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

மேகலா அங்கே தேடிக்கொண்டு வந்தாள். சின்ன உருவம், முப்பது வயதுகூட இருக்காது. குமுதவல்லியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். குமுதவல்லியால் இழுத்துக்கொள்ள முடியவில்லை.

"இத்தினி நாளா அந்தப் படத்தைப் பாக்க மாட்டேன்னுட்டேன்க்கா. என்னென்ன வேதனைப்பட்டாரோன்னு நெனச்சு நெனச்சுத் தூக்கமே இல்ல. இன்னிக்குத்தான் பாத்தேன்."

குமுதவல்லி வாயைத் திறந்தாள். சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. மிட்டாயிலிருந்து, பல்பிலிருந்து, அந்த நாலு விநாடியிலிருந்து எல்லாவற்றையும். ரெபெக்கா படிக்கட்டில் நின்று குடும்பங்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

"வீட்ல தண்ணி டம்ளரக்கூட சிந்தாம எடுக்க மாட்டாரு அந்த மனுசன். நாங்கல்லாம் கிண்டல் பண்ணுவோம்" என்றாள் மேகலா. அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்தது. "கடைசி நிமிசம் வரைக்கும் படம் ஒரு ஆட்டம் ஆடலியேக்கா. கையில ஒரு நடுக்கம் இல்ல. நிம்மதியாத்தான் போயிருக்காரு, இல்லக்கா?"

குழாயில் யாரோ சரியாக மூடாமல் விட்டிருந்த தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. குமுதவல்லி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாம்மா" என்றாள். "நிம்மதியாத்தான் போனான்."